ஐம்பதில் ஒன்று குறைவு

ராஸ் அல் கைமாவில் மலை முடிந்து
மணல் தொடங்கும் இடத்தில் எங்கள் சுடுகளம்.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து
கூட்டம் கலையும் நேரத்துக்கு ஷம்சுன் நிஹார் வருவார்.
தணிக்கை அலுவலகத்தில் வேலை. ஊர் மேலப்பாளையம்.
அடுத்த மாதம் ஜோகன்னஸ்பர்க், கணவரின் கடைக்கு.
இரண்டு முறை கொள்ளை போன கடை.

"தற்காப்புக்கு எது அண்ணே?
விக்கிற ஆள் மாதிரி இல்லாமச் சொல்லுங்க."

மேசைமேல் இரண்டையும் வைத்துத்
தமிழிலேயே சொன்னேன்.
எகிப்திய மேலாளர் ஏதோ தகராறு என்று
எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இது ரிவால்வர். ஆறு அறை.
ஆறு மாதம் அலமாரியில் கிடந்தாலும் கோபித்துக்கொள்ளாது.
ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுங்கள்,
அடுத்தது வந்து நிற்கும்.
ஆனால் விசை கனம்,
துருப்பிடித்த ஷட்டரைத் தூக்குவது போல.

இது பிஸ்டல். பதினைந்து.
தட்டை. இடுப்பில் இருப்பது தெரியாது.
மணல் ஆகாது. தளர்ந்த மணிக்கட்டும் ஆகாது,
வெற்றுக்கூடு வெளியேறாமல்
மீன்முள் மாதிரி குறுக்கே நிற்கும்.
தட்டி, இழுத்து, மறுபடி.
அதைக் கை தானாகச் செய்யவேண்டும்,
மூளை அந்நேரம் வீட்டில் இருக்காது.

பதினோரு வருடமாக இதே பாடம்.
சொல்கிற மரியசிங்கத்துக்குச் சொந்தமாக
ஆயுதமென்று இருப்பது ஒரு நகவெட்டி.

பிஸ்டலில் மூன்றாவது வெடிக்கு
சுடச்சுட ஒரு பித்தளைக்கூடு பறந்து
அவர் கழுத்துக்குள் விழுந்தது.
துள்ளினார். குழல் திரும்பவில்லை.
அந்த இடத்தில் அவர்மேல் மரியாதை வந்தது.

பிறகு ரிவால்வர்.
உருளையைத் திறந்து கவிழ்த்தார்.
ஆறு கூடும் உள்ளங்கையில்.
மேசையில் வரிசையாக அடுக்கி எண்ணினார்.
"அது செலவை இறைக்குது.
இது ரசீது வச்சிருக்கு.
எனக்கு இதுதான் தோது."

முடிந்தது என்று துணியை எடுத்தேன்.
காதுமூடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"ராத்திரி மூணு மணி. நடையில காலடிச் சத்தம்.
என் பையன் தூக்கத்துல நடப்பான், அண்ணே.
ரெண்டுல எது பொறுத்துப் போகும்?"

கையேட்டில் இந்தக் கேள்வி இல்லை.
"கனமான விசை" என்றேன்,
"இழுத்து முடிப்பதற்குள் ஒரு பெயரைக் கூப்பிடலாம்."
சொன்ன வாய் மூடுமுன் எனக்கே நம்பிக்கையில்லை.
"அதையும் நம்பாதீங்க.
மொதல்ல லைட்டப் போடுங்க."

அவர் சிரிக்கவில்லை.
கைப்பையின் ஜிப்பைப் பாதிவரை இழுத்து,
அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

இரவு கணக்கு.
பிஸ்டலுக்குக் கொடுத்தது ஐம்பது.
பெருக்கி எடுத்த கூடு நாற்பத்தொன்பது.
ஒன்று குறைந்தாலும் பதிவேட்டில் கையெழுத்து விழாது.
ரப்பர் விரிப்புகளைத் தூக்கினேன்.
தடுப்பு மணலை மாவுச்சல்லடையில் சலித்தேன்.
மேலாளர் கடிகாரத்தையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தார்.
பதினோரு மணிக்குத்தான் உறைத்தது,
அது எங்கே விழுந்தது என்று.
அதை அரபியில் எப்படிச் சொல்வது?
ஈட்டிய நற்பெயரைக் கெடுக்காமல்
வெறுமனே தலையைச் சொறிந்தேன்.

சனிக்கிழமை காலை
ஒரு பட்டாணி டாக்சிக்காரர்
டிஷ்யூவில் சுற்றிய பொட்டலம் நீட்டினார்.
உள்ளே கூடு. கூடவே சீட்டு,
கட்டம் போட்ட தாளில் நேரான கையெழுத்து:
"அபாயாவின் மடிப்பில் தங்கிவிட்டது. மன்னிக்கவும்.
உங்கள் கணக்கு நேராகிவிட்டது.
என்னுடையது இன்னும் இல்லை."

ஐம்பது என்று எழுதினேன்.
மேலாளர் கையெழுத்திட்டார்.

டப்பாவில் போடுமுன் முகர்ந்தேன்.
பாதி வெடிமருந்து,
பாதி முகப்பவுடர்.